சொல் மெய்யானவள்

பாஷெது விடியுமுன் எழுந்தான். வாசலில் நீர் தெளித்தான். சுவர் மாடத்திலிருந்த குள்ளச்சாமிக்கு முன்னால் ஒரு விள்ளல் ரொட்டியும் கொஞ்சம் வாற்கோதுமைக் கள்ளும் வைத்தான். முகம் கழுவிக் கண்ணுக்கு மை இட்டுக்கொண்டான். நாணல் தூரிகையின் நுனியைக் கடித்து மென்று பதமாக்கினான். கரிக்கட்டியை நீர்விட்டுக் குழைத்தான், பிறகு காவிக்கட்டியை. தினமும் செய்வதுதான். செய்து முடித்ததும் மலையேறி, அரசருக்காகக் குடைந்துகொண்டிருக்கும் கல்லறைக்குப் போய்ச் சுவரில் எழுத்து வரைவான். இன்று போக வேண்டியதில்லை. உள்ளறையில் அவன் மனைவி வாபெத் துணி சுற்றிக் கிடந்தாள். நேற்று உச்சிவேளையில் உயிர் போயிருந்தது.

முன்னறையில் சவப்பெட்டி இருந்தது. தச்சன் ஆயத்தமாக வைத்திருந்த பெட்டி. மூடிமேல் வரைந்த, எந்தப் பெண்ணுக்கும் பொருந்துகிற ஒரு முகம், மார்பின்மேல் மடித்த கைகள், அதன்கீழ் வரிவரியாக வேண்டுதல். பேருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. வேண்டுதலை எழுதியவன் பாஷெதுதான். ஒரு ஓய்வுநாளில், யாருக்கோ என்று நினைத்து, பேசிக்கொண்டே எழுதியது.

உள்ளே பெண்கள் தலையில் புழுதியை அள்ளிப் போட்டுக்கொண்டு அழுதார்கள். குரல்கள் ஏறவில்லை. அக்கம்பக்கத்துச் சாவுக்கு எப்படி அழுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். இது வந்துவிட்டுப் போகிற அழுகை.

மேஸ்திரி நெகெம்முத் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். வெயில் ஏறுவதற்குள் சரிவுக்கு எடுத்துப்போய்விட வேண்டும் என்றார். குழி வாயைத் திறந்து வைத்தாயிற்று, பெட்டியைத் தூக்க ஆட்கள் வருகிறார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பேர எழுது. வீட்டுக்குடையவள்னு எழுது. அதோட நிறுத்திக்க தம்பி."

பாஷெதுவுக்குப் புரிந்தது. செத்தவர் யாராக இருந்தாலும் பேருக்குப் பின்னால் ஒரு சொல் வரும். சொல் மெய்யானவர். பெண் என்றால் சொல் மெய்யானவள். செத்தபின் போகும் இடத்தில் தராசில் நெஞ்சை வைத்து நிறுக்கும்போது, இவர் சொன்னதெல்லாம் மெய் என்பதற்கு அந்தச் சொல்தான் துணை. போதையில் சாரத்திலிருந்து விழுந்து செத்தவனுக்கு எழுதியிருக்கிறான். பெற்றவளைப் பட்டினி போட்டவனுக்கு எழுதியிருக்கிறான். இன்னும் உயிரோடிருக்கும் அரசருக்கு, மலைக்குள்ளே, சுவர் சுவராக எழுதிக்கொண்டிருக்கிறான். ஊரில் அந்தச் சொல் இல்லாமல் போன பெட்டி எதையும் அவன் பார்த்ததில்லை.

"சாமி ஒண்ணு சொல்லிட்டாரு. நாம வேற ஒண்ணு எழுத முடியுமா?" என்றார் மேஸ்திரி. "எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு." எழுந்து போனார்.

சாமி என்றால் எப்போதோ ஆண்டு, செத்து, இந்த ஊருக்குத் தெய்வமாகிவிட்ட பழைய அரசர். திருநாளன்று அவரைப் பல்லக்கில் வைத்துத் தெருவில் தூக்கிவருவார்கள். தூக்குகிறவர்கள் கல்லுடைப்பவர்களும் சித்திரம் எழுதுபவர்களும்தான். தலையை மழித்துக் குளித்து வெள்ளை கட்டினால் அன்றைக்கு அவர்களே பூசாரிகள். வழக்கு இருப்பவர் எதிரே நின்று கேட்பார். ஆமாம் என்றால் சாமி முன்னால் வருவார். இல்லை என்றால் பின்வாங்குவார். தூக்குகிறவர்களுக்கு அதில் வேலை ஒன்றும் இல்லை. சாமி கனப்பார். கனக்கிற பக்கம் கால் போகும்.

அடுத்த வீட்டு ஹுன்ரோவின் செம்புக் குவளை காணாமல் போயிருந்தது. போன திருநாளில் அவள் சாமியை மறித்துக் கேட்டாள். வீடு வீடாகப் பேர் வாசித்தார்கள். ஒவ்வொரு பேருக்கும் சாமி பின்வாங்கினார். பாஷெது வீட்டில் வாபெத் என்று வாசித்தபோது முன்தண்டில் பாஷெது நின்றிருந்தான். எல்லாருடைய பார்வையும் சாமியை விட்டு அவன்மேல் வந்தது. சாமி வரும்போது புருஷன் பிடித்து நிறுத்துகிறான் என்று ஒருத்தரும் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தான். அவ்வளவுதான் நினைத்தான். கால் முன்னால் போயிருந்தது. பல்லக்கு கூடவே வந்தது.

வாபெத் கூட்டத்தில் நின்றாள். "நான் எடுக்கல" என்றாள், சத்தமில்லாமல். குவளையைத் திருப்பிக் கொடுப்பதாகச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். எடுக்காததை எப்படித் திருப்புவது என்று கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை. கழுதைகள் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றும் தொட்டியடிக்கு அவள் போனால், குடத்தை எண்ணி வைங்கடி என்று யாராவது ஒருத்தி சொல்வாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். எல்லாரும் போனபிறகு போய் அடியில் தங்கிய கலங்கல் தண்ணீரை மொண்டுவந்தாள். வீட்டில் அதைத் தெளியவைத்துத்தான் இருவரும் குடித்தார்கள். எடுத்தாயா என்று பாஷெது அவளைக் கேட்கவில்லை. கேட்டால் அவளும் ஒன்று கேட்பாள். பிறகு காய்ச்சல் வந்தது.

கென்னா வந்து பெட்டியின் மறுபக்கம் குந்தினான். பல்லக்கின் முன்தண்டில் பாஷெதுவுக்குப் பக்கத்து ஆள். எந்தச் சாவு வீட்டிலும் ஒரு நக்கல் அடித்துக் கிழவர்களிடம் திட்டு வாங்குகிறவன். இன்று நக்கல் வரவில்லை. பாஷெது வாபெத் என்ற பேரை எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"முழுசா எழுதுடா."

"மேஸ்திரி வேண்டாம்னுட்டாரு."

"அன்னைக்குச் சாமி கனக்கல."

பாஷெது தூரிகையை மையில் தோய்த்தான்.

"என் பக்கம் கனக்கல. சரி, உன் பக்கம் கனக்குது போலன்னு நெனச்சேன். கட்டுன புருஷனே கால எடுத்து வைக்கிறான், அப்ப உண்மையாத்தான் இருக்கும்னு நானும் வச்சேன். பின்னால இருந்தவனுங்க என்னப் பாத்து வச்சிருப்பானுங்க." கென்னா பெட்டியின் ஓரத்தை விரலால் தேய்த்தான். "உன் பக்கம் கனத்துச்சாடா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கென்னா நம்பியிருப்பான். நம்பத்தான் வந்திருந்தான். தூரிகையிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்தது. கென்னா அதைக் கால்விரலால் துடைத்தான். இன்னொரு முறை கேட்கவில்லை. கயிறு கொண்டுவருகிறேன் என்று சொல்லி எழுந்து போனான்.

பாஷெது எழுதினான். நன்றாக எழுதினான்.

மேஸ்திரி திரும்பி வந்தபோது மை காயவில்லை. குனிந்து எழுத்துக் கூட்டி வாசித்தார். நிமிர்ந்தார்.

"என்னப்பா இது?"

வாசலில் ஆட்கள் நின்றார்கள். இப்போது சொல்லலாம். சாமி வரவில்லை, நான்தான் போனேன் என்று சொன்னால் முடிந்தது. பல்லக்குத் தண்டை இனித் தொட விடமாட்டார்கள். தண்டனை அவனோடு போகாது. கென்னாவும் மற்றவர்களும் கம்படி படுவார்கள். அவர்களுக்காகத்தான் சொல்லவில்லை என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம் என்பதும் அப்போதே தெரிந்தது.

"கைப்பழக்கம் மேஸ்திரி. பேருக்கு அப்புறம் தானா வந்துடுது."

"அழிச்சுடு."

"ஈரமா இருக்கு. அழிச்சா பேரும் போயிடும்."

மேஸ்திரி வாசலைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். "யாராவது கேட்டா நானும் அதையே சொல்லிக்கிறேன்" என்றார். அவருக்கு நிம்மதி என்று முகத்தில் தெரிந்தது. "பாவம், போகட்டும்."

கால் போனதற்குச் சாமி. கை போனதற்குப் பழக்கம். அவள் சொன்னது மெய் என்பது ஊருக்கு ஒரு கைத்தவறாகப் போய்விட்டது.

அவளைப் பெட்டியில் கிடத்தினார்கள். சுமந்தவர்கள் பல்லக்குத் தூக்குகிற அதே ஆட்கள். புருஷன் பின்னால் வரட்டும் என்றார்கள். பின்னால் போனான். சரிவில் யாருடைய காலும் தடுமாறவில்லை. பெட்டி கனக்கவே இல்லை என்று திரும்பும்போது ஒருவன் சொன்னான்.

வீட்டில் ஹுன்ரோ மட்டும் உட்கார்ந்திருந்தாள். பெருக்கியிருந்தாள். ரொட்டியும் வெங்காயமும் தட்டில் எடுத்து வைத்திருந்தாள். சாப்பிடு தம்பி என்றாள். போகாமல் நின்றாள்.

"கடைசியா ஏதாவது சொன்னாளா?"

குவளை எந்த இடத்தில், எந்த மண்ணுக்கடியில் என்று கேட்கிறாள். அது அவளுக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லலக்கா."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். பாஷெது ரொட்டியைப் பிட்டான்.

நேற்று, உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால், துணியை நனைத்து வாபெத்தின் உதட்டில் பிழிந்தான். அதற்காகக் குனிந்தபோது அவள் கண்ணைத் திறந்தாள். கையை எடுத்து அவன் கழுத்தோரம், பல்லக்குத் தண்டு அழுத்தித் தோல் வழன்றிருந்த இடத்தில் வைத்தாள். சூடான கை. எடுக்கவில்லை. அவன் அசையாமல் இருந்தான். கேட்கப்போகிறாள் என்று நினைத்தான்.

"இன்னும் வலிக்குதா?" என்றாள்.