நன்மையான விளைவுகள்

2025 ஒக்டோபர் 14, செவ்வாய்.
இன்று அறிந்த பிழை: நேற்று செலீனுக்கு அனுப்பிய மெசேஜில் ஆண்டைக் குறிப்பிடவில்லை. சிறிய பிழைதான். இனிமேல் எந்தச் சம்பவத்தை எழுதினாலும் முதலில் ஆண்டு, பிறகு பெயர்.

எழுதிவிட்டு ஷிம்னா 'சிறிய' என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை வெட்டினாள். வெட்டினால் பெரிய பிழை என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமோ என்று தோன்ற, வெட்டியதற்கு மேலேயே திரும்ப எழுதினாள். அவள் சுபாவம் அப்படி.

ஷிம்னாவுக்கு இருபத்திரண்டு வயது. பகலில் வெள்ளவத்தையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் பில் போடுகிறாள். செவ்வாயும் வியாழனும் மாலையில் ஹெவ்லொக் டவுனில் வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்கு நடக்கும் வரலாற்று வகுப்புக்குப் போகிறாள். வகுப்பில் அவளுக்கு இருக்கும் ஒரே சிநேகிதி கொட்டாஞ்சேனை செலீன். இரண்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்துக் கதிரை. ஒருத்தி எழுதத் தவறியதை மற்றவள் எழுதி வைத்திருப்பாள்.

வகுப்பு எடுக்கும் கிருபாகரன் சேர் எந்த யுத்தத்தையும் மூன்று பெட்டிக்குள் அடக்கிவிடுவார். காரணங்கள், நன்மையான விளைவுகள், தீமையான விளைவுகள். "நன்மைப் பெட்டிய வெறுமையா விட்டா, திருத்துறவர் தயவு தாட்சண்யம் இல்லாமல் புள்ளிய வெட்டுவார்," என்பார். இரண்டாம் உலக யுத்தத்தின் முக்கியமான கட்டங்களை வகுப்பில் பிரித்துக்கொடுத்து, வியாழக்கிழமை முன்னால் வந்து பேசச் சொல்லியிருந்தார். கிஷாந்துக்கு ஸ்டாலின்கிராட் கிடைத்தது. ஷிம்னாவும் செலீனும் சேர்ந்து பேச வேண்டியது கொழும்பைப் பற்றி. 1942 ஏப்ரலில் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மேலும் இரத்மலானை விமானத்தளத்தின் மேலும் குண்டு போட்ட காலை. அது ஈஸ்டர் ஞாயிறு. ஆங்கிலப் புத்தகங்களில் அந்தத் தாக்குதலுக்கு அந்த நாளின் பெயர்தான்.

ஷிம்னா ஒரு கிழமையாக வாசித்தாள். வாசிக்க வாசிக்கப் பெட்டிகள் குழம்பின. சிங்கப்பூர் விழுந்தது ஒரு கதையில் விளைவு. அதுவே கொழும்பின் கதையில் காரணம். பர்மா போனது யப்பானுக்கு வெற்றி. இங்கே அரிசிக் கப்பல் நின்று, ஆட்கள் பங்கீட்டுக் கூப்பனுக்கு வரிசையில் நின்று, சோற்றுக்குப் பதில் பாண் சாப்பிடப் பழகினார்கள். இறப்பர் மரம் வைத்திருந்தவனுக்கு அதே வருடத்தில் அதிர்ஷ்டம். எதை எங்கே போடுவது? கடைசியில், தனக்கு விளங்காததைத் தானே எடுத்துக்கொள்வதுதான் நியாயம் என்று முடிவு செய்து, திங்கட்கிழமை செலீனுக்கு எழுதினாள்.

'ஈஸ்டர் தாக்குதலின் நன்மைகளை நான் எடுக்குறேன். காரணங்களை நீ எடு.' கடைசியில் ஒரு சிரிக்கும் முகம்.

பதில் வரவில்லை. செவ்வாய் வகுப்புக்கு செலீனும் வரவில்லை. இடைவேளையில் கிஷாந்த்தான் பிளேன்டீக் கோப்பையோடு வந்து குனிந்தான். அவனும் கொட்டாஞ்சேனைதான், செலீனின் ஒழுங்கையிலேயே வீடு.

"ஷிம்னா, யப்பான்காரன் போட்டதவிடப் பெரிய குண்டு நீ போட்டிருக்கிறாய்."

"என்னது?"

"செலீனுட போன் மேசையில கிடந்திருக்கு. உன்ர மெசேஜ் வந்து வெளிச்சம் போட்டிருக்கு. அவளுட அம்மா பாத்திட்டா. உன்ர பேர், அதுக்குக் கீழ ஈஸ்டர் தாக்குதலின் நன்மைகள், அதுக்குக் கீழ பல்லு இளிக்கிற மூஞ்சி. இது காணாதா?"

ஷிம்னாவின் கையிலிருந்த பேனை மேசைக்குக் கீழே உருண்டது. அவள் எடுக்கவில்லை.

"அது நாற்பத்திரண்டு எண்டு செலீன் செல்லல்லியா?"

"சொன்னவளாம். 'அவளக் காப்பாத்தப் பொய் சொல்றியா' எண்டு அம்மா பேசியிருக்கிறா. இனிக் கிளாசும் இல்ல, உன்னோட சேர்க்கையும் இல்லயாம்." அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் குரலை இறக்கினான். "நீ யோசிக்காத. ஸ்டாலின்கிராட்டுக்கு வா. நன்மைப் பெட்டியில என்ன எழுதுறது எண்டு தெரியாம நானும் முழிக்கிறன். 'ஐஸ் இலவசம்' எண்டு எழுதவா?"

வழக்கமாக இதற்கு அவள் சிரித்திருப்பாள்.

செலீனின் சின்னம்மா 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடைக் கத்தோலிக்கக் கோயிலில் வெடித்த குண்டில் இறந்தவர் என்பது ஷிம்னாவுக்குத் தெரியும். செலீனின் அம்மாவும் அன்றைக்கு அங்கே இருந்தவர். இதை வேறு யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். இந்த இரண்டு வருடத்தில் அவளும் செலீனும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை. தெரிந்திருந்தும் எப்படி எழுதினேன் என்று அவள் பஸ்ஸில் தன்னையே கேட்டுக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்த பிறகுதான் அதற்கு ஒரு பதில் கிடைத்தது. ஷிம்னாவின் வீட்டில் 'ஈஸ்டர் தாக்குதல்' என்ற பெயரை யாருமே சொல்லுவதில்லை. குண்டு வைத்தவர்கள் முஸ்லிம்கள் என்பதால் தங்கள் வீட்டுக்கும் பொலீஸ் வந்து அலுமாரியில் இருந்த உடுப்பையெல்லாம் கட்டிலில் கொட்டிப் பார்த்ததும், வாப்பாவின் துணிக்கடைக்கு ஆட்கள் வராமல்போய் அடுத்த வருடம் அதை மூடியதும் எல்லாம் சேர்ந்து 'அந்தப் பிரச்சினை' என்றே வழங்கிற்று. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. சொல்லாமலே விட்டதால் அந்தப் பெயர் அவளுக்குள் காலியாகக் கிடந்தது. புத்தகத்தில் கண்டபோது, யப்பான்காரனின் விமானங்கள் சுகமாக வந்து அதில் இறங்கிக்கொண்டன.

இது காரணம். ஆனால் சாட்டு அல்ல என்று அவளுக்கே விளங்கியது.

புதன்கிழமை கடையில் கேட்டுக்கொண்டு நேரத்தோடு வெளிக்கிட்டாள். உடுப்பு மாற்ற வீட்டுக்கு வந்தபோது உம்மா விட்டுவிடவில்லை.

"எங்க போற?"

"கொட்டாஞ்சேனைக்கு. செலீன்ட வீட்டுக்கு."

கிஷாந்த் சொன்னதையெல்லாம் உம்மாவிடம் காலையிலேயே சொல்லியிருந்தாள். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"விசரா புள்ள ஒனக்கு? நீ எழுதினது படிப்பு. அதுல என்ன பிழை ஈக்கு? போய் நின்டா பிழைய ஒத்துக்கிட்ட மாதிரி. எங்கட ஆக்கள் ஒத்துக்கிட்டது காணாதா? செய்யாததுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டாச்சு."

"இது நான் செஞ்சது உம்மா."

உம்மா கதவருகில் போய் வெளியே வானத்தைப் பார்த்தார். பிறகு, "குடைய எடுத்துக்கொண்டு போ," என்றார்.

புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. வழி நெடுக ஷிம்னா ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு வந்தாள். ஆண்டு முதலில் வர வேண்டும், பிறகு நாடு, பிறகு மன்னிப்பு. கொச்சிக்கடையில் பஸ் மெதுவாயிற்று. கோயில் வாசலில் ஆட்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். ஒரு பெண் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெழுகுதிரிக்குப் பேரம் பேசினாள். ஷிம்னா பாடமாக்கியது ஒரு முறை முழுதாக மறந்துபோய்த் திரும்பி வந்தது.

கதவைத் திறந்தது செலீனின் அம்மா ஜெசிந்தா. கையில் ஈரம், தோளில் துவாய். வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் கதவை மூடவும் இல்லை, அகலத் திறக்கவும் இல்லை.

"ஆன்டி, ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டாம் ஆண்டு யப்பான்…"

"என்ன?"

"ஆயிரத்துத் தொளாயிரத்து…"

"அண்டைக்குப் பிறகு அந்தக் காது கேட்காது. இந்தப் பக்கம் வந்து சொல்லு."

ஷிம்னா படியில் இடமிருந்து வலமாக நகர்ந்தாள். முதலில் இருந்து தொடங்கினாள். மன்னிப்பு வரும்போது குரல் உடைந்துவிட்டது. அது பாடமாக்கியதில் இல்லை.

ஜெசிந்தா அவளையே பார்த்துக்கொண்டு கேட்டார். "உண்மையாவே அப்பவும் ஈஸ்டரா?"

"ஓம் ஆன்டி."

"எத்தின மணிக்கு?"

"காலையில."

"அப்ப ஆக்கள் பூசைக்குப் போயிருப்பினம். கோயிலில இருந்த ஆக்களுக்கு என்ன நடந்தது?"

ஷிம்னாவின் குறிப்பில் எந்தக் கப்பல் மூழ்கியது, எந்த விமானம் எங்கிருந்து கிளம்பியது எல்லாம் இருந்தது. இது இல்லை. "தெரியா ஆன்டி. நான் அதைத் தேடல்ல," என்றாள்.

உள்ளேயிருந்து செலீனின் குரல் வந்தது. "அம்மா, அவள் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். வாசலில வச்சு விசாரணை நடத்தாதேங்கோ. உள்ளுக்க வச்சு நடத்துங்கோ."

ஜெசிந்தா விலகி வழிவிட்டார்.

முன்னறையில் இருந்த நீளக் கதிரையில் ஷிம்னா நுனியில் இருந்தாள். செலீன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, அம்மாவுக்குத் தெரியாமல் ஷிம்னாவின் தோளில் ஒரு குத்து விட்டாள். வலித்தது. நேற்று மாலைக்குப் பிறகு ஷிம்னாவுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது அப்போதுதான். ஆனால் ஜெசிந்தா முடிக்கவில்லை.

"சரி. யப்பான்காரன் எண்டே வைப்பம். அதில என்ன நன்மையக் கண்டாய்?"

"பிறகு வெள்ளைக்காரனுக்கு எங்கட நாடு முக்கியமாப் போச்சு. இறப்பருக்கு விலை வந்திச்சு. சுதந்திரம் கேட்டவங்கட பேச்சுக்குக் காது கொடுத்தாங்க…" கிருபாகரன் சேரிடம் சொல்வது போலத்தான் தொடங்கினாள். காது என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டாள்.

"இத அந்தக் குண்டில செத்த ஆக்களுட வீட்டில போய்ச் சொல்லுவியா?"

"செல்ல மாட்டேன்."

"அப்ப ஏன் போர்டில எழுதுறாய்? அந்த வீட்டு ஆக்கள் இப்ப இல்லை எண்டா?"

செலீன் அம்மாவின் தோளில் கிடந்த துவாயை எடுத்து மடித்தாள்.

"நான் உன்னக் குத்திக் கதைக்கேல்ல," என்றார் ஜெசிந்தா. ஆனால் குரல் குத்தியது. "அண்டைக்குப் பிறகு நான் உங்கட ஆக்களுட கடையொண்டுக்கும் போகேல்ல. முந்தி வெள்ளவத்தைக்குப் போய்த் துணி எடுக்கிறனான் நான். எல்லாத்தையும் விட்டனான். அந்தக் கடைக்காரன் எனக்கு என்ன செய்தவன்? ஒண்டும் இல்ல. எண்டாலும் கால் போகேல்ல. இத எந்தப் பெட்டியில எழுதுவாய்?"

வாப்பாவின் கடை ஷிம்னாவின் நாக்கு நுனிக்கு வந்தது. மூடிய அன்று வாப்பா கண்ணாடி அலுமாரியைத் துடைத்துவிட்டுத்தான் விற்றார். அதைச் சொல்லலாம். சொன்னால் ஆன்டி வாயடைத்துப்போவார், ஒருவேளை அழக்கூடும். ஆனால் கேளாத இந்தக் காதுக்கு முன்னால், சுவரில் படமாகத் தொங்கும் அந்தச் சின்னம்மாவுக்கு முன்னால், அதை எடுத்து வைத்தால் தராசில் போட்டதாகிவிடும். நீ ஒன்று, நான் ஒன்று. அவள் தேத்தண்ணியைக் குடித்தாள்.

"விளைவுல எழுதுவேன் ஆன்டி," என்றாள் கடைசியில். "நன்மை, தீமை எண்டு நான் பேர் வைக்கத் தேவையில்ல. சுதந்திரம் வந்ததும் விளைவுதான், சோத்துக்கு வரிசையில நிண்டதும் விளைவுதான். ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டா செல்றேன். கேக்கிற ஆள் நினைக்கிறத நினைச்சுக்கொள்ளட்டும்."

"சேர் வெட்டுவார்," என்றாள் செலீன். "ரெண்டு பேருக்கும் வெட்டுவார்."

"வெட்டட்டும்," என்றார் ஜெசிந்தா.

"உங்களுக்கென்ன அம்மா, நீங்களா சோதனை எழுதுறீங்க?"

ஷிம்னா இதுவரை தெரிந்துகொண்டே ஒரு புள்ளியை இழந்தவள் அல்ல. மாதிரி விடை இல்லாமல் ஒரு பந்தி எழுதியவளும் அல்ல. பெட்டி இல்லாமல் வகுப்புக்கு முன்னால் நின்றதும் இல்லை. சேர் சொல்வதுதான் சரியாக இருந்துவிட்டால்? ஆன்டியின் துக்கத்துக்குப் பயந்து பாடத்தைக் கெடுக்கிறேனா? அந்தச் சந்தேகம் போகவில்லை. ஆனால் அவள், "நான் சேரோட கதைக்கிறேன். தலைப்பும் மாத்துவம். ஈஸ்டர் எண்ட சொல் அதுல வராது," என்றாள்.

"வரலாம்," என்றார் ஜெசிந்தா எதிர்பாராமல். "அது ஈஸ்டர்தானே. ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு? வருசத்தச் சொல்லிப்போட்டுச் சொல்லு." பிறகு எழும்பி, வெற்றுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "நாளைக்குக் கிளாஸ் முடிஞ்சா அங்க இங்க நிண்டு கதைக்காம வீட்டுக்கு வந்திரோணும் செலீன். மழை வருது," என்று குசினிக்குள் போனார்.

செலீன் பஸ் தரிப்பிடம் வரைக்கும் வந்தாள். ஒரு குடைக்குள் இருவரும் நடந்தார்கள்.

"நீ அம்மாட்ட என்னவோ சொல்ல வந்து விழுங்கினாய். நான் பாத்தனான்," என்றாள் செலீன்.

"வாப்பாட கடை."

செலீன் குடையை ஷிம்னாவின் பக்கம் சாய்த்தாள். "எனக்குச் சொல்லு. இப்ப இல்ல. ஒரு நாளைக்கு."

"நீயும் சின்னம்மாவப் பத்திச் செல்லு."

"பாப்பம்," என்றாள் செலீன். பஸ் வந்துவிட்டது.

2025 ஒக்டோபர் 15, புதன்.
நாளை: கடை திறக்குமுன் கிருபாகரன் சேருக்குக் கோல் எடுத்து, எங்கள் பேச்சில் நன்மை, தீமை என்ற பிரிவு இருக்காது என்று சொல்ல வேண்டும். புள்ளி வெட்டினால் செலீனுடையதை விட்டு என்னுடையதில் வெட்டும்படி கேட்க வேண்டும். பிறகு பகல் இடைவேளையில் நூலகத்துக்குப் போய், 1942 ஏப்ரல் 5 காலை கொழும்புக் கோயில்களில் பூசையில் இருந்தவர்களைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.