இன்ஜினில் பதினோரு வாளி

சியோனான் என்று பெயர் மாறியிருந்த சிங்கப்பூரில், 1943 பிப்ரவரி மாதம் தொடங்கி ஏப்ரல் கடைசிவரை, பேரின்பநாயகத்தின் மோட்டார்சைக்கிள் இன்ஜினிலிருந்து நாளொன்றுக்குப் பதினோரு வாளித் தண்ணீர் வந்தது. அந்த இன்ஜினுக்குள் மொத்தமாக ஊற்றினாலும் ஒன்றரைத் தம்ளருக்கு மேல் பிடிக்காது. வார நாட்களிலும் பதினோரு வாளி, ஞாயிற்றுக்கிழமையும் பதினோரு வாளி. மழை பெய்த நாட்களில்கூட ஒரு சொம்பு அதிகமாக வரவில்லை.

பேரின்பநாயகம் ஜாலான் புசார் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் மனைவி கமலாம்பிகையுடன் குடியிருந்த யாழ்ப்பாணத்துக் கிராணி, அதாவது குமாஸ்தா. ஓர் அரசாங்க அலுவலகத்தில் வெள்ளைக்காரர்களுக்குப் பதினாறு வருடம் தட்டச்சு செய்தவர், ஜப்பானியர் வந்தபிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து அவர்களுக்குத் தட்டச்சு செய்தார். கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளிவிட்டார்கள் என்பதைத் தவிர அலுவலகத்தில் பெரிய மாறுதல் இல்லை. அவருடைய ஒரே ஆடம்பரம் அந்த மோட்டார்சைக்கிள். ஊர் பிடிபட்ட வாரத்தில், வண்டிகளையெல்லாம் பறிமுதல் செய்யப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டு நடுவே வானம் பார்த்த முற்றத்தில் அதை நிறுத்தி, மேலே இரண்டு வண்டி விறகை அடுக்கி மறைத்துவிட்டார். பெட்ரோலை வடித்தார், சங்கிலிக்கு எண்ணெய் போட்டார், விளக்கைத் துணியால் சுற்றினார். சைலன்சரின் வாயை மட்டும் அடைக்க மறந்துவிட்டார்.

கமலாம்பிகை அந்த விறகைத்தான் சமையலுக்கு எரித்துவந்தார். வேறு விறகு வாங்கும் காலம் அது இல்லை. குவியல் மேலிருந்து இறங்கி இறங்கி, ஒரு வருடம் கழித்து முதலில் கைப்பிடியும் பிறகு டாங்கியும் வெளியே தெரிந்தன. கடைசிக் கட்டை விறகை உருவிய காலையில், உள்ளே யாரோ விழுங்கிக்கொண்டிருப்பதுபோல ஒரு சத்தம் அவருக்குக் கேட்டது. ஜாலான் புசாரில் பட்டறை வைத்திருந்த அப்துல் ஹமீதுக்கு ஆள் போயிற்று. நாகூர்ப் பக்கத்துக்காரர். சாலையில் மோட்டார் வண்டிகள் அருகிவிட்டதால் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர், இன்ஜின் என்ற சொல்லைக் கேட்டதும் சாப்பாட்டுத் தட்டை மூடிவைத்துவிட்டு ஓடிவந்தார்.

“கிராணியார், சைலன்சர் வாயில ஒரு துணிய அடைச்சு வச்சிருக்கக் கூடாதா? ஒரு வருச மழையும் உள்ளதான் போயிருக்கு.”

“குண்டு விழேக்க துணிக்கு எங்க தம்பி போறது?” என்றார் பேரின்பநாயகம்.

ஹமீது செய்ததெல்லாம் முறைப்படிதான். இன்ஜின் அடியிலிருந்த வடிகால் திருகாணியைக் கழற்றினார். பால் கூடிய காப்பி நிறத்தில், தண்ணீரோடு குழம்பிப்போன எண்ணெய் வடிந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மிதித்தார். தண்ணீர் பீறிட்டு அவர் முகத்திலேயே அடித்தது. கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார், மேக்னெட்டோவை வெயிலில் காயவைத்தார், விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் அரைப் போத்தலை வாங்கி உள்ளே ஊற்றி அலசினார், சிலிண்டரைக் கரி அடுப்பின்மேல் அப்பம்போலச் சுட்டு எடுத்தார். தேங்காய் எண்ணெய் தடவி எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் வந்து ஆணியைத் திருகினால் தண்ணீர். அதை வடித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. மூன்று நாள் இப்படியே நடந்தது. நான்காம் நாள் ஹமீது ஸ்பேனரோடு இரண்டு வாளியும் கொண்டுவந்தார்.

முதல் வாளியில் லேசாக எண்ணெய் வாடை அடிக்கும். மற்ற பத்தும் நல்ல தண்ணீர். பருப்பு சீக்கிரம் வெந்தது என்றார் கமலாம்பிகை. தெருக்குழாயில் தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஆகவே சந்துப் பெண்கள் வாளியோடு கிராணி வீட்டு வாசலில் நிற்கத் தொடங்கினார்கள். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஏழாவது வாளியில் ஒரு கெளுத்தி மீன் வரும். வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் மரக்கறிச் சமையல் என்பது சந்துக்கே தெரியும், மோட்டார்சைக்கிளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கமலாம்பிகை அதை முகத்தைத் திருப்பிக்கொண்டு வாழையிலையில் எடுத்து ஹமீதிடம் கொடுத்துவிடுவார். மரவள்ளிக்கிழங்கையே மூன்று வேளையும் தின்றுகொண்டிருந்த ஹமீது வீட்டில் வெள்ளிக்கிழமை பெருநாளாயிற்று.

வரிசைதான் காட்டிக்கொடுத்தது. அரிசிக் கடை இல்லாத சந்தில் மக்கள் வரிசையில் நிற்பது, அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ஜப்பானிய அதிகாரி லெப்டினன்ட் மொரிதாவுக்குச் சந்தேகமாக இருந்தது. ஏப்ரல் பதினேழாம் தேதி இரண்டு சிப்பாய்களுடனும் ஒரு மொழிபெயர்ப்பாளருடனும் உள்ளே வந்தார். பெண்கள் வாளிகளைப் போட்டுவிட்டுக் குனிந்து வணங்கினார்கள். மொரிதா தண்ணீரைப் பார்க்கவேயில்லை, மோட்டார்சைக்கிளைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். வண்டியை ஒளித்துவைப்பது பெருங்குற்றம் என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. முந்தைய வருடம் ஒரு வானொலிப் பெட்டிக்காக அந்தச் சந்திலிருந்து இரண்டு பேரைக் கொண்டுபோனார்கள், அவர்கள் திரும்பவில்லை. ஆனால் லெப்டினன்ட் இரக்கமுள்ளவர் என்றார் மொழிபெயர்ப்பாளர். இருபத்தொன்பதாம் தேதி சக்கரவர்த்தியின் பிறந்தநாள் ஊர்வலத்தில் அவர் இந்த வண்டியில் போக விரும்புகிறார். அன்று வண்டி ஓடினால் வண்டி மட்டும் போகும். ஓடாவிட்டால் சொந்தக்காரரும் பட்டறைக்காரரும் போவார்கள்.

பன்னிரண்டு நாட்கள். மொரிதா ஒரு தகரம் பெட்ரோல் அனுப்பிவைத்தார். ஊற்றியதும் இன்ஜின் அதைத் துப்பிவிட்டது, வாளியில் தண்ணீருக்கு மேல் வண்ணவண்ணமாக மிதந்தது. ஹமீது புதுக் கேஸ்கெட் வெட்டிப் போட்டார், ஓட்டை இருக்கக்கூடிய இடமெல்லாம் மெழுகு வைத்தார். பேரின்பநாயகம் அலுவலகத்திலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு வடிக்க உட்காருவார். ஒருநாள் ஹமீது ஒரே ஆணியில் ஸ்பேனரை மூன்று தடவை நழுவவிட்டார். பேரின்பநாயகம் அதைக் கவனிக்காதவர்போல ஸ்பேனரை வாங்கித் தானே திருகினார். பதினோராம் நாள் மத்தியானம், கமலாம்பிகை சமையலறை வாசலில் நின்று இருவரையும் பார்த்தார்.

“இஞ்சாருங்கோ, இவ்வளவு நாளும் ரெண்டு பேரும் அதுக்குள்ளயிருந்து தண்ணியை எடுக்கத்தானே பாத்தனீங்கள். ஒருக்கா அந்தத் தண்ணியிலயே ஓடவிட்டுப் பாருங்கோவன்.”

“அக்கா, தண்ணியில வண்டி ஓடாதுக்கா” என்றார் ஹமீது.

“இப்ப மட்டும் ஓடுதோ?”

ஹமீது எழுந்தார். ஆணியை இறுக்கினார், மெழுகைச் சுரண்டினார், கார்புரேட்டர் தண்ணீரால் நிரம்பும்வரை காத்திருந்தார். மூன்றாவது மிதியில் வண்டி பிடித்துக்கொண்டது. காலையில் ஒருவர் தொண்டையைக் கொப்பளிப்பதுபோல ஒரு சீரான சத்தம். சைலன்சரிலிருந்து புகைக்குப் பதில் தூறல் வந்தது. ஹமீது ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து சிரித்தார், சிரிப்பு கொஞ்ச நேரத்தில் அழுகையாயிற்று. பேரின்பநாயகம் டாங்கியில் கைவைத்துக்கொண்டு நின்றார். உயிர் தப்பிய சந்தோஷமும் வண்டி போகப்போகிற துக்கமும் ஒரே சமயத்தில் வந்ததால் எதைக் காட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

சந்தின் கோடிவரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த ஹமீது ஒரு விஷயத்தைத் தணிந்த குரலில் சொன்னார். “கிராணியார், ஓட்டம் எல்லாம் சுத்தம். ஆனா கைப்பிடி சும்மா சும்மா ரோச்சோர் கால்வாய்ப் பக்கமே திரும்புது. லெப்டினன்ட் துவான்கிட்டச் சொல்லிடுவோமா?” இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு வேலை அதிகம், தொந்தரவு செய்ய வேண்டாம் என்றார் பேரின்பநாயகம்.

இருபத்தொன்பதாம் தேதி காலை லெப்டினன்ட் மொரிதா துடைத்த பூட்ஸும் வெள்ளைக் கையுறையும் அணிந்து ஊர்வலத்தின் முன்னால் போனார். ஜாலான் புசார் முடிந்து கால்வாயைத் தொடும் இடத்தில் வண்டி கரையில் இறங்கி, தண்ணீர்மேல் ஏறி, அதே வேகத்தில் ஓடியது. சக்கரங்கள் மூழ்கவில்லை. தலையில் சீப்பு வகிடெடுப்பதுபோலத் தண்ணீரில் ஒரு கோடு விழுந்தது, அவ்வளவுதான். இரு கரைகளிலும் கட்டளைப்படி குனிந்து நின்றவர்களுக்கு மொரிதா வழக்கம்போல சல்யூட் வைத்தார், வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தோன்றியிருக்காது. காலாங் முகத்துவாரம் தாண்டி அவர் கடலுக்குள் போனதை மீன்பிடிப்பவர்கள் பார்த்தார்கள்.

ஓர் அதிகாரி காணாமல் போனால் யார் தலை போகும் என்று பேரின்பநாயகத்துக்குத் தெரியும். வீட்டுக்குப் போகாமல் நேரே அலுவலகத்துக்குப் போய், லெப்டினன்ட் மொரிதா கடற்படைக்கு மாற்றப்பட்டிருக்கிறார் என்று மூன்று பிரதிகள் தட்டச்சு செய்தார். மறுநாள் காலையில் அவற்றை மேலதிகாரியின் முத்திரைக்குப் போக வேண்டிய எழுபது தாள்களுக்கு நடுவே செருகினார். மேலதிகாரி எழுபத்துமூன்று தாளிலும் முத்திரை குத்தினார். அன்று பிற்பகல் இராணுவப் போலீஸ் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தது. கோப்பில் பார்க்கும்படி அவர் பணிவாகச் சொன்னார். கோப்பில் தாள் இருந்தது. கடற்படையைக் கேட்டார்கள். அப்படியொருவர் தங்களுக்குத் தெரியாது என்று தரைப்படையிடம் ஒப்புக்கொள்ளக் கடற்படைக்கு மனம் வரவில்லை. லெப்டினன்ட் கடலில் திருப்திகரமாகப் பணியாற்றுகிறார் என்று பதில் வந்தது. 1944இல் அவருக்குப் பதவி உயர்வும் கிடைத்தது.

பேரின்பநாயகம் அந்த விசாரணை முடிந்து வீடு வந்ததும், வாசலிலேயே காத்திருந்த ஹமீதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இருவரும் கிராணிக்கும் பட்டறைக்காரருக்கும் உரிய தூரத்தில் நின்றே பழகியவர்கள். அதன்பிறகு அந்தத் தூரம் இருக்கவில்லை. சந்துப் பெண்கள் மறுபடி தெருக்குழாய்க்குப் போனார்கள். மரவள்ளிக்கிழங்கு இன்னும் இரண்டு வருடம் நீடித்தது. பிறகு ஜப்பான் சரணடைந்தது, வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், கடிகாரத்தைப் பழையபடி பின்னால் தள்ளினார்கள்.

1945 அக்டோபரில் ஒரு காலை, இடுப்பில் சாரம் கட்டிய, கறுத்து மெலிந்த ஒருவர் மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் வந்தார். அது மொரிதா. தெற்கே கிணறு இல்லாத தீவுகளுக்கெல்லாம் இத்தனை நாளும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்ததாக, தீவுகளில் கற்ற மலாயில் சொன்னார். ஒரு தீவில் அவரைத் தங்கிவிடச் சொன்னார்களாம், வண்டி இன்னொருவருடையது என்று மறுத்துவிட்டாராம். கமலாம்பிகை அவரை ஏற இறங்கப் பார்த்தார். இந்த மனிதன் தன் கணவரைக் கொல்லப் பார்த்தவன் என்பது அவருக்கு மறக்கவில்லை. ஆனாலும் ஒரு தம்ளர் தேத்தண்ணி கொண்டுவந்து, கையில் கொடுக்காமல், படியில் வைத்தார். மொரிதா அதைக் குடித்துவிட்டு, பிரேக்கை மட்டும் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று ஹமீதிடம் சொல்லி, இடுப்புவரை குனிந்து வணங்கி, சரணடைவதற்காகத் தனியே நடந்துபோனார்.

அடுத்த வருடம் வாகனங்களை மறுபடி பதியச் சொன்னார்கள். சாலையில் நிற்காமல் தண்ணீரைக் கண்டால் இறங்கிவிடும் வண்டியைப் பதிய முடியாது என்று ஓர் அலுவலகத்தில் சொல்லி, துறைமுகப் பக்கம் போகச் சொன்னார்கள். அங்கிருந்த பரமசிவம் என்ற குமாஸ்தா வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “எத்தன பேரு ஏறுவீங்க? ரெண்டா? அப்ப சின்னப் படகுதான்லா” என்று எழுதிக்கொண்டு, மிதவை ஒன்று கட்டாயம் என்றார். முன் மட்கார்டில் படகு எண் எழுதப்பட்டது, பின்னால் மிதவை கட்டப்பட்டது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரின்பநாயகமும் கமலாம்பிகையும் புலாவ் ஊபின் தீவுக்குப் போய்வருவார்கள். சாங்கி முனையில் வலை போடுகிறவர்கள் அவர்களைக் கண்டால் வலையைக் கொஞ்சம் தாழ்த்தி வழிவிடுவார்கள். கமலாம்பிகை ஒரு கையால் கணவரின் தோளையும் மறு கையால் சேலைக் கரையையும் பிடித்திருப்பார். போகும்போது முக்கால் மணி நேரம், திரும்பும்போது எதிர்க்காற்று என்பதால் ஒரு மணி நேரம் ஆகும்.