ஓடையோரத்துப் புடவை

அம்மா கடைசியாகக் கட்டி அவிழ்த்துப் போட்ட புடவை அது. மறுநாள் துவைக்கலாம் என்று கொடியில் போட்டுவிட்டு, வேறொன்றைச் சுற்றிக்கொண்டு விடியலில் மக்காச்சோளக் கொல்லைக்குப் போனாள். காட்டுப்பன்றிக்கென்று ஊர்க்காரன் தெய்வசிகாமணி தன் கொல்லையைச் சுற்றி இழுத்துக் கட்டியிருந்த கரண்டு கம்பியில் கால் பட்டுவிட்டது. பன்றி பிழைத்துக்கொண்டது, என் அம்மா போய்விட்டாள்.

அந்தப் புடவையை நான் துவைக்கவேயில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். முகத்தைப் புதைத்தால் மஞ்சளும் வேர்வையும் அடுப்புப் புகையுமாக அம்மா வருவாள்.

கேஸ் கள்ளக்குறிச்சி கோர்ட்டில் நடக்கிறது. ஊர் இரண்டாகப் பிளந்தது. எங்களுக்காக அழுதவர்கள் ஒரு பக்கம், 'பன்னி தின்னுட்டுப் போனா எவன் சோறு போடுவான்' என்றவர்கள் ஒரு பக்கம். அப்பாதான் எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் கூட்டி உட்காரவைத்தார். வனத்துறையிலிருந்தும் ஓர் ஆள் வந்திருந்தார்.

"கேஸு அதுபாட்டுக்கு நடக்கட்டும். இனிமே எந்தக் கொல்லையிலயும் கம்பி கட்டாதீங்க. வேற ஒண்ணும் வேணாங்க எனக்கு" என்றார் அப்பா. இந்த மனுஷனுக்குக் கோபமே வராதா?

கம்பிக்குப் பதில் புடவை என்று முடிவானது. கொல்லையைச் சுற்றிப் பழைய புடவை கட்டினால், ஆள் நிற்கிறது என்று பன்றி ஒதுங்கிப்போகும். ஆனால் துவைத்த புடவை ஆகாது, உடுத்தி அவிழ்த்த மனுஷ வாசம் அதில் இருக்க வேண்டும். தெய்வசிகாமணி பெண்டாட்டிதான் முதல் மூட்டையைக் கொண்டுவந்து போட்டாள். பசுவைக் கொன்று செருப்பு தானம்.

ஐப்பசி மழையில் வாசமெல்லாம் கரைந்து போனது. காட்டை ஒட்டி ஓடையோரம் இருப்பது எங்கள் கொல்லை. அந்த வழியாகப் பன்றிகள் நுழைந்து, அடுத்த கொல்லைக்காரன் பகலவனின் சோளத்தைப் பாதிக்குமேல் சாய்த்துவிட்டன.

"மாமா, இன்னிக்கும் பூந்துச்சின்னா நாளைக்கு நான் கம்பி கட்டிடுவேன். எத்தினி நாளு பார்த்துக்கினு இருக்கறது?" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் அப்பா என் கட்டிலருகே வந்து நின்றார்.

"செல்வி, அதைக் குடும்மா."

எதை என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. "குடுக்க மாட்டேன். ஊர்ல வேற பொம்பளைங்க புடவையே இல்லியா?"

"அல்லாம் வேலியில நனைஞ்சி கெடக்குது. அதுங்க காஞ்சி, மறுபடி கட்டி அவுக்கற வரைக்கும் பன்னி நிக்காதும்மா. ஒங்கம்மா மாதிரி இன்னொருத்தி போவக் கூடாது."

சொல்லும்போதே அவர் உடைந்துவிட்டார். சாவன்றுகூட அப்பா அழுது நான் பார்த்ததில்லை. புடவையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, வெறும் தலையணையைக் கட்டிக்கொண்டு படுத்தேன். தூக்கம் வரவில்லை.

காலையில் கொல்லைக்குப் போனோம். சேற்றில் ஆழப் பதிந்த பன்றிக் குளம்புத் தடங்கள் ஓடையைத் தாண்டி அம்மாவின் புடவை வரைக்கும் வந்து, அப்படியே காட்டுப் பக்கம் திரும்பியிருந்தன. பகலவன் குனிந்து பார்த்தான். கொண்டுவந்திருந்த கம்பிச் சுருளை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

விடியும் நேரத்தில் நல்ல மழை பெய்திருந்தது. புடவையை இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன். ஈரச் சோளத்தழை வாசம், சேற்று வாசம். மறுபடி மறுபடி மோந்தேன். அம்மா இல்லை.

"இருக்குதாம்மா?" என்றார் அப்பா.

"இருக்குதுப்பா."

அவர் கிட்டே வந்து மோந்து பார்க்கவில்லை. அவிழ்ந்திருந்த முந்தானையை இழுத்துக் குச்சியில் இறுக்கிக் கட்டிவிட்டு, காட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.