கல்லறைத் திருநாளுக்கு வழங்கப்பட்ட விடுமுறை

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களின் பெரியோர்களே, தாய்மார்களே, டைல்ஸ் வாங்க வந்து விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்களே! மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு இப்பூவுலகில் நடந்த அடுத்த பெரிய நிகழ்ச்சி, பெரம்பலூர் பாலக்கரைக்கு அப்பால் 'கலையரசன் டைல்ஸ்' கடையின் மாடியில், டிசம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் சாயங்காலத்தில் நடந்தேறியது. வீட்டு வேலை செய்யும் பெண் ஒருத்திக்குச் சட்டத்துக்கு நிகரான பண்டிகை விடுமுறை வழங்கப்பட்டது.

வழங்கியவர் கடை முதலாளி கலையரசன். பெற்றுக்கொண்டவள் அவர் வீட்டில் சமைத்து, துவைத்து, பெருக்கும் அமலோற்பவமேரி. அந்தச் சரித்திர நிமிடத்தில் அவள் கையில் வடைத்தட்டு இருந்தது.

குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கும் யார் தயவும் இல்லாமல் விடுமுறை. அதற்கு மேல் வரும் வருஷத்துக்கான ஐந்து பண்டிகைகளைக் கடைக்காரரும் ஊழியர்களும் கலந்து பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது சட்டம். கலந்து பேசுவது என்றால் கலையரசன் பேசுவார், மற்றவர்கள் கலந்துகொள்வார்கள். பொங்கல், ஆயுத பூஜை, தீபாவளி மூன்றும் வடை வருவதற்கு முன்பே முடிந்துவிட்டன.

"ரம்ஜான் ஒண்ணு, பக்ரீத் ஒண்ணு சார்" என்றார் கணக்கர் நஜீமுதீன். லப்பைக்குடிக்காட்டுக்காரர். "மிச்சத்தை நான் கேக்கல. உங்க நஷ்டத்தையும் பாக்கணும்ல."

"அப்ப சிறுவாச்சூர் தேருக்கு?" என்றார் சுமை இறக்கும் அய்யாக்கண்ணு.

"உனக்கு எதுக்குய்யா லீவு? நீதான் திங்கக்கிழமையானா சொல்லாம கொள்ளாம கோயிலுக்குப் போயிடுறியே."

சிரிப்பு அடங்கியதும் கலையரசன் எழுந்தார். அவர் எழுந்தால் பேச்சு, உட்கார்ந்தால்தான் வியாபாரம்.

"நம்ம வூட்டுல மேரி இருக்கு. இந்தச் சட்டம் அதுக்குக் கிடையாது. ஏன்னா சட்டம் வூட்டு வாசப்படியோட நின்னுடுது. நான் அதைக் கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டு வரப்போறேன். இன்னையிலேர்ந்து மேரியும் நம்ம ஊழியர். நம்ம பட்டியல், நம்ம விதி. சொல்லு மேரி, உனக்கு எந்தப் பண்டிகை வேணும்? கிறிஸ்துமஸா?"

"நவம்பர் ரெண்டாந்தேதி சார்."

"அன்னைக்கு என்ன?"

"கல்லறைத் திருநாளுங்க."

வடையைக் கடித்த வாய்கள் நின்றன.

"கல்லறைக்குப் போறது திருநாளா?"

"அப்படித்தாங்க சொல்லுவோம்."

"ஏன், கிறிஸ்துமஸ் வேணாமா? கேக்கு, ஸ்டாரு..."

"இந்த வருஷம் எங்க வூட்டுல ஸ்டாரு போடலைங்க."

அவளுடைய ஒரே மகன் ஜூட், மூன்று வாரத்துக்கு முன் அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிக்கு அடியில் போயிருந்தான். ஏலாக்குறிச்சிக் கல்லறையில், அவன் அப்பா ஆரோக்கியசெல்வத்துக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டே ஒவ்வொரு மேடாக வருவார். அவர் வரும்போது அந்தந்த மேட்டுக்கு உரியவர்கள் பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, பக்கத்தில் நிற்பார்கள். ஆள் நிற்காத மேடு பார்க்க ஒருமாதிரி இருக்கும். அவளை விட்டால் அந்த இரண்டு மேட்டுக்கும் ஆள் கிடையாது. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்: ஃபாதர் வரும்போது அங்கே நிற்க வேண்டும்.

கலையரசன் யோசித்தார். கிறிஸ்துமஸ் விடுமுறையை யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம். கல்லறைக்கு விடுமுறை கொடுத்த முதலாளி திருச்சிக்கு இந்தப்பக்கம் யாராவது உண்டா?

"கொடுத்தேன்!" என்றார், ஏதோ மூன்று உலகத்தையும் தானம் செய்கிறவர் மாதிரி.

அதன் பிறகு அந்த விடுமுறை, அவளை விட அதிகமாக ஊர் சுற்றியது. கடைவாசலில் ஃபிளெக்ஸ் ஆனது. வணிகர் சங்கம் அவருக்குச் சால்வை போட்டு 'உழைப்போர் உறவு' என்று பட்டம் கொடுத்தது. மே தினத்தன்று உழைப்பாளிகளின் ஓய்வு பற்றி அவர் முக்கால் மணி நேரம் முழங்கினார். மேடைக்குப் பின்னால் பாயசம் கிண்டியவள் மேரி. சுதந்திர தினத்தன்று கொடிக்கம்பத்தைச் சுற்றிக் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டதும் அவள்தான். சட்டம் வீட்டுக்குள் வந்துவிட்டது உண்மை. ஹாலில் உட்கார்ந்துகொண்டது. சமையலறைப் பக்கம் வரவில்லை.

அவள் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது அவளுக்கு, ஜூட் போனதிலிருந்து. தொட்டால் தொட்டது தெரியும். வலிதான் தெரியாது.

அக்டோபர் கடைசியில் ஒரு பாக்கெட் மெழுகுவத்தி வாங்கி மஞ்சப்பையில் போட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். முதலாளியின் மனைவி மணிமொழியிடம் வெள்ளிக்கிழமை சொன்னாள்.

"அம்மா, நாளன்னைக்கு நான் வர மாட்டேங்க. திருநாளு."

"நாளன்னைக்கு ஞாயித்துக்கிழமைல்ல? திருச்சியிலேர்ந்து அவரு தம்பி குடும்பத்தோட வராங்களே மேரி! மட்டன் சொல்லியாச்சு. எதுக்கும் அவரைக் கேட்டுக்க."

கேட்க வேண்டியவர் கடையில் இருந்தார். மேரி போய் நின்றாள். கலையரசன் சுவரில் மாட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், பிறகு நீதிபதி மாதிரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"மேரி, பண்டிகை ஞாயித்துக்கிழமையில வந்தா அதுக்குன்னு தனியா லீவு கிடையாது. ஞாயிறே லீவுதான? லீவுக்கு எப்படி லீவு குடுக்கிறது? இது நம்ம கடை விதி."

"எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு இல்லீங்களே சார்."

"பட்டியல்ல வார விடுமுறை ஞாயிறுன்னு போட்டிருக்கா இல்லியா?"

"போட்டிருக்குங்க."

"அதுல உன் பேரு இருக்கா இல்லியா?"

"இருக்குங்க."

"அப்புறம்?"

நஜீமுதீன் கணினியிலிருந்து தலையைத் தூக்கினார். "சார், மேரியக்கா ஒரு ஞாயித்துக்கிழமை விடாம வேலைக்கு வராங்களே. மௌத்தான புள்ளைக்காகக் கேக்குறாங்க, பாத்துச் செய்யுங்க."

"ஞாயித்துக்கிழமை வர்றது வேலைக்கா? அது பாசத்துல வர்றதுய்யா. குடும்பத்துல ஒருத்தர் மாதிரி. மேரிக்கு ஒரு விதி, உமக்கு ஒரு விதின்னு நான் வைக்க முடியுமா? நாளைக்கு நாலு பேரு என்ன பேசுவான்? சமத்துவம்னு ஒண்ணு இருக்குல்ல!"

நஜீமுதீன் தலையைக் கணினிக்குள் திரும்ப இறக்கிக்கொண்டார். சமத்துவத்தோடு மல்லுக்கட்ட அவருக்கு வயதில்லை.

கலையரசனுக்கும் இரக்கம் இல்லாமல் இல்லை. "ஒண்ணு பண்ணு. மத்தியானம் அவங்க சாப்புட்டதும் கெளம்பிடு. சாயங்காலம்தான உங்க ஃபாதரு?"

"சரிங்க சார்."

மாட்டேன் என்று சொல்ல ஒரு தெம்பு வேண்டும். அது போன கார்த்திகையிலேயே லாரியோடு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை குழம்பு காலையிலேயே கொதித்து அடங்கிவிட்டது. விருந்தாளிகள் வரவில்லை. வருகிற வழியில் ரஞ்சன்குடிக் கோட்டையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நெடுஞ்சாலையில் பெரம்பலூரைத் தாண்டிப் போய்விட்டார்களாம். கோட்டை மேலிருந்து ஃபோட்டோ வந்தது. கோட்டைக்குப் பின்னால் மேகம் வந்தது. அவர்கள் வந்து கை கழுவி உட்காரும்போது, ஏலாக்குறிச்சிக்குப் போக வேண்டியவர்கள் அரியலூரில் பஸ் மாறியிருப்பார்கள்.

"கறி சூப்பர் மேரி. இன்னும் ரெண்டு எலும்பு போடு" என்றார் தம்பி.

போட்டாள். சாப்பிட்டு முடித்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. பாத்திரம் கிடந்தது. மஞ்சப்பை கதவுக்குப் பின்னால் தொங்கியது.

"மழை விட்டதும் போயிடு மேரி" என்றாள் மணிமொழி, மனமாரத்தான். "அதுக்குள்ள எல்லாருக்கும் ஒரு டீ போட்டுடேன்."

டீயை இறக்கும்போது கரண்ட் போனது. ஹாலில் குழந்தைகள் கத்தின. இன்வெர்ட்டர் ஒரு தடவை கூவிவிட்டு ஓய்ந்தது.

"மேரி, மெழுகுவத்தி ஏதாச்சும் இருக்கா பாரு!"

இருந்தது. அவள் பையை எடுத்துப் பாக்கெட்டைப் பிரித்தாள். ஒவ்வொன்றாகப் பற்றவைத்து, மெழுகைச் சொட்டி, டீபாயில் நிறுத்தினாள். ஒரு சொட்டு விரலில் விழுந்தது. அது உறைந்து வெள்ளையாகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். ஏலாக்குறிச்சியில் இந்நேரம் ஃபாதர் தீர்த்தத்தோடு இறங்கியிருப்பார். அங்கேயும் மழையோ என்னவோ.

"அக்கா, செமையா இருக்கு! கரண்டே வர வேணாம்" என்றாள் தம்பியின் மனைவி. குழந்தைகள் மெழுகுவத்திகளைச் சுற்றி உட்கார்ந்து பிறந்தநாள் பாட்டுப் பாடி, ஒவ்வொன்றாக ஊதி அணைத்தார்கள். மறுபடியும் ஏற்றச் சொன்னார்கள். ஏற்றினாள்.

கரண்ட் வந்தபோது கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. போவதற்குக் காரணம் இல்லை.

மறுநாள் காலை காபி கொடுக்கப் போனபோது, கலையரசன் தொழிலாளர் துறைக்கு யாரும் கேட்காத ஒரு விண்ணப்பத்தை, சிறந்த முதலாளி விருதுக்காக, நஜீமுதீனுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தியாவிலேயே முதன்முறையாக, வீட்டுப் பணியாளர் ஒருவர் தம் உற்றாரின் நினைவைப் போற்ற, நவம்பர் இரண்டாம் நாள் விடுமுறை வழங்கப்பட்டு, அதை அவர் மனநிறைவோடு அனுபவித்தார்... அனுபவித்தார்னு போட்டியா?" போனைக் கையால் பொத்திக்கொண்டு நிமிர்ந்தார். "என்ன மேரி, திருநாளு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுங்க சார்."

திருநாளன்று அவள் அவர் வீட்டில் பாத்திரம் கழுவினாள்.