கேட்டுவிட்டு வாயை மூடு

“அண்ணி, திரும்பவும் சொல்றேன். கேட்டு முடிச்சதும் வாய்க்குப் பூட்டு. யாரு முதல்ல பேசறாங்களோ அவங்க தோத்தாங்க. வகுப்புல அடிச்சு அடிச்சு சொன்னாரே.”

“தெரியும்டி.”

“தெரியும்னு சொல்றதுக்கே நாலு வாக்கியம் பேசற ஆளு நீங்க. அதான் பயமா இருக்கு.”

அச்சக முதலாளியின் வீட்டு வாசலில் அழைப்பு மணியை அமுக்கிவிட்டு நின்றபடி நடந்த பேச்சு இது. அண்ணி என்பவள் பேச்சுப் பயிற்சி மையத்தின் தலைவி. பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்கு மறுபடி பேசச் சொல்லிக்கொடுக்கும் மையம் அது. கூட வந்தவள் அவளுடைய நாத்தனார், மையத்தின் பொருளாளர். வழக்கமாக மானியம் தரும் அறக்கட்டளை இந்த வருடம் கையை விரித்துவிட்டது. மாதக் கடைசிக்குள் வாடகைக்கு வழி பிறக்காவிட்டால் மையத்தை மூட வேண்டியதுதான். தலைக்கு மேல் வெள்ளம் வந்த பிறகு, தொண்டு நிறுவனத்தாருக்கு நிதி திரட்டச் சொல்லித்தரும் வகுப்பு ஒன்றுக்கு இருவரும் ஓடினார்கள். அங்கே கிடைத்த மந்திரம்: வேண்டியதை ஒரே வாக்கியத்தில் கேள், கேட்டுவிட்டு வாயை மூடு.

கதவைத் திறந்தது முதலாளியின் மகன்.

“அப்பாவுக்கு உடம்பு சுமார், மேடம். சீக்கிரம் முடிச்சுக்குங்க.”

முதலாளி ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் ஓரமாகச் சாய்வு நாற்காலியில் இருந்தார். தலையசைத்தார், சிரித்தார். மையத்துக்குத் துண்டறிக்கை அச்சடித்துக் கொடுத்த பழக்கம்; எப்போதுமே வார்த்தையை எண்ணிச் செலவழிக்கிற மனிதர். தலைவி தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

“ஐயா, மையத்தோட ஒரு வருஷ வாடகை முழுசையும் நீங்க ஏத்துக்கணும்.”

சொல்லிவிட்டு வாயை மூடினாள்.

அவரும் பேசவில்லை. மின்விசிறி மட்டும் கரகரவென்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. தலைவிக்கு நாக்கு நமநமத்தது. மையத்தில் போன மாதம் மறுபடி ‘அம்மா’ என்று சொன்னவரின் கதையைச் சொல்லலாமா? முழு வாடகை என்றது அதிகமோ? ‘முடிஞ்சதைக் கொடுங்க ஐயா’ என்பது உதடு வரை வந்துவிட்டது. நாத்தனார் அவள் பாதத்தை அழுத்தி மிதித்தாள். ‘வியாபாரியாச்சே, இவருக்கும் இந்த வித்தை தெரியும். யார் வாய் முதலில் திறக்கிறது, பார்க்கலாம்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டாள் தலைவி.

மகன் தேநீர் கொண்டுவந்து வைத்தான். முதலாளி கோப்பையை இடது கையால் எடுத்தார். வலது கை மடியில், துண்டுக்கு அடியில், எடுத்து வைத்த பொருள்போல் கிடந்தது. உதடுகள் குவிந்தன, பிரிந்தன, மறுபடி குவிந்தன.

தலைவி அந்த உதடுகளையே பார்த்தாள். இது பேரம் இல்லை. இந்த மனிதர் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

“எப்பலேருந்து, தம்பி?”

‘தோத்தோம்’ என்று நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள்.

மகன் தரையைப் பார்த்தான். “ஆறேழு மாசமா. வெளிய தெரிஞ்சா ஆர்டர் போயிடும், மேடம். அதான் யார்கிட்டயும் சொல்லல. பாருங்க, பாதி வாடகை நான் தர்றேன். வாங்கிட்டுக் கெளம்புங்க. இந்த விஷயம் உங்களோட இருக்கட்டும்.”

நாத்தனாரின் கை ரசீதுப் புத்தகத்துக்குப் போய்விட்டது.

“இரு,” என்றாள் தலைவி. “ஐயாவைத்தானே கேட்டேன். அவர் இன்னும் சொல்லி முடிக்கல.”

“அண்ணி!”

“இரும்மா.”

காத்திருந்தார்கள். முதலாளியின் கழுத்து நரம்பு புடைத்தது. “இ… இ… இல்ல.”

“முடிஞ்சுதா?” என்றான் மகன். “அப்பாவே இல்லன்னுட்டார். இப்ப பாதியும் கிடையாது.”

“கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல,” என்று முனகினாள் நாத்தனார்.

தலைவி எழுந்தாள். “நாங்க வரட்டுமா, ஐயா?”

“ஆமா,” என்றார் அவர். ஆனால் அவருடைய இடது கை அவள் பையின் வாரைப் பற்றிக்கொண்டு விடவில்லை.

“தம்பி, இந்த நோயில சில பேருக்கு வாய் மாறிப்போகும். ஆமாங்கிறதுக்கு இல்லம்பாங்க, இல்லங்கிறதுக்கு ஆமாம்பாங்க.”

“அப்படியா? உங்களுக்கு ரொம்ப வசதியா இருக்கே!”

சுருக்கென்று தைத்தது. அவன் இடத்தில் இருந்தால் அவளும் அப்படித்தான் கேட்டிருப்பாள். “நியாயம். நான் கேட்டா என் பக்கம்தான் சாயும். நீங்களே கேளுங்க. பதில் தெரிஞ்ச கேள்வியா கேளுங்க.”

அவன் வேண்டாவெறுப்பாக நாற்காலி அருகே குனிந்தான். “அப்பா, நான் உங்க பையன்தானே?”

“இல்ல.”

நாத்தனாருக்குச் சிரிப்பு பீறிட்டது. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். மகன் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

“சாப்பாடு போதுமான்னு கேப்பேன், மேடம்,” என்றான் மெல்ல. “ஆமாம்பாரு. தட்டை எடுத்துட்டு வந்துடுவேன். தினமும்.”

அவன் தரையில் உட்கார்ந்தான். “இப்ப எப்படிக் கேக்கணும்?”

“வாயை விட்டுடுங்க. கையைக் கேளுங்க.”

அவன் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினான். “அப்பா, வாடகை விஷயம். இந்தக் கை முழுசு. இந்தக் கை பாதி. ஒண்ணும் வேணாம்னா என்னைத் தள்ளிடுங்க.”

இடது கை பையின் வாரை விட்டது, வந்து முழுசின் மேல் உட்கார்ந்தது. நாத்தனார் பேனாவைத் திறந்தாள்.

“கையை மாத்திக் கேளுங்க, தம்பி,” என்றாள் தலைவி.

நாத்தனார் அவள் இடுப்பைக் கிள்ளினாள். “வர்ற லட்சுமியை எட்டி உதைக்கிறீங்க!”

“அவர் கைக்கு அந்தப் பக்கம் கிட்டக்க இருந்துச்சு. அதனால தொட்டிருந்தா?”

மகன் அவளை நிமிர்ந்து பார்த்தான். முதல் முறையாக, பணம் கேட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்க்கவில்லை. கைகளைக் குறுக்கே மாற்றி வைத்தான். “இப்ப இது பாதி. அது முழுசு.”

முதலாளியின் கை அந்தரத்தில் நின்றது. கிட்டே இருந்த பாதியின் மேல் தாழ்ந்தது. தலைவி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். கை அங்கே தங்கவில்லை. தடவித் தடவி மறு கைக்குப் போய், மகனுடைய விரல்களை மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“இல்ல, இல்ல,” என்றார் முதலாளி, கண்ணில் நீர் வரச் சிரித்தபடி.

“முழுசு,” என்றான் மகன். “தவணையாத்தான் முடியும், மேடம்.”

“தவணை போதும்.”

“கொஞ்சம் வெளிய இருக்கீங்களா? அப்பாகிட்ட வேற சில விஷயம் கேக்கணும்.”

இருவரும் வாசற்படியில் வந்து உட்கார்ந்தார்கள். கதவு ஒருக்களித்திருந்தது.

“ரசீது, அண்ணி?”

“அப்புறம் எழுதலாம்.”

உள்ளே மகனின் குரல் கேட்டது. “நாற்காலி எங்க போடணும்? இந்தக் கை ஜன்னல் பக்கம், இந்தக் கை இங்கயே… ஜன்னலா? இருங்க, மாத்திக் கேக்கறேன்.”