பாடு போயிடும்

தடைக்காலம் வந்தால் எங்கள் வீட்டில் இரண்டு ஆண்பிள்ளைகள் சும்மா உட்காருவார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர் இளவரசு. இன்னொருவன் என் அண்ணன் செம்பியன். இரண்டு பேரும் கடலூரில் விசைப்படகு ஓட்டுகிறவர்கள். சித்திரை பிறந்ததும் அறுபத்தொரு நாள் விசைப்படகு கடலுக்குள் போகக் கூடாது, சின்னப் படகுக்குத் தடை இல்லை. அதனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமனும் மச்சானும் சேர்ந்து ஒரு யோசனை செய்தார்கள். பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் அன்னங்கோயிலில் எங்களுக்குப் பொதுவாக ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. அதில் குடும்பம் குடும்பமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், வெள்ளாற்று முகத்துவாரத்தில் தூண்டில் போட வைத்து, மதியத்துக்குள் கரை சேர்த்துவிடுவது. பிடித்த மீனை நான் ஆய்ந்து குழம்பு வைத்துக் கொடுப்பேன். சிதம்பரம் கோயிலுக்கும் பிச்சாவரத்துக்கும் வருகிறவர்கள் இதற்கும் வர ஆரம்பித்தார்கள்.

யோசனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு இருந்த கோபம் வேறு.

நெய்வேலி இன்ஜினியரின் அம்மா படகில் ஏறுகிறார். சென்னையிலிருந்து புதுப்பெண் ஒருத்தி மருதாணிக் கையோடு ஏறுகிறாள். சிதம்பரத்து டீச்சர்கள் ஏழு பேர் ஒன்றாக ஏறி, பாட்டுப் பாடிக்கொண்டே போனார்கள். அத்தனை பேருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டுக் கரையிலேயே நிற்கிறவள் நான். படகுக்காரன் வீட்டுப் பெண் படகில் ஏறக் கூடாது, ஏறினால் பாடு போய்விடும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். பாடு என்றால் எங்களுக்கு மீன் கிடைப்பது. விடிந்ததும் கரையில் யாரைப் பார்த்தாலும் 'பாடு எப்படி' என்றுதான் கேட்போம்.

வந்தவர்களில் இத்தனை பெண்கள் ஏறுகிறார்களே, அப்போது பாடு போகாதா என்று அண்ணனிடம் கேட்டேன். அவர்கள் வெளியூர்க்காரர்கள், கடல் அவர்களைக் கணக்கில் வைக்காது என்றான். கடல் என்ன ஆதார் அட்டை வாங்கிப் பார்த்தா அலை அடிக்கிறது என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு போய் மசாலா அரைக்கச் சொன்னான். இவரிடம், என் வீட்டுக்காரரிடம், கேட்டால் ஏறினால்தான் என்ன என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார், பிறகு மச்சான் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் வீட்டில் பூசாரி என் கூடப் பிறந்தவனே.

நான் ஆசைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். பிறந்தது இதே ஊரில் மூன்றாவது தெரு. ஆற்றில் நன்றாக நீந்துவேன். ஆனால் எங்கள் படகில் முகத்துவாரம் வரைக்கும்கூட ஒரு தடவை போனதில்லை. ஒரே ஒரு தடவை போக வேண்டும். தூண்டிலைக் கையில் பிடித்து, அடியில் மீன் வந்து இழுப்பது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். இதை நினைத்துக்கொண்டு எத்தனையோ நாள் உப்பு இரண்டு மடங்கு போட்டுக் குழம்பைக் கெடுத்திருக்கிறேன்.

சித்திரை முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்து இறங்கியது. கொளஞ்சி என்று ஒரு விவசாயி, அவர் மனைவி ரத்தினம்மாள், விருத்தாசலத்தில் பாங்க் வேலையில் இருக்கும் மகன் அன்புமணி, மருமகள் சத்யப்பிரியா. மகன்தான் செல்லில் எங்கள் படகைப் பார்த்துவிட்டு ஏற்பாடு செய்திருந்தான். கொளஞ்சியும் ரத்தினம்மாளும் ஒன்றரை மணி நேர தூரத்தில் இருந்துகொண்டு ஐம்பது வயதுக்கு மேல்தான் முதல்முதலாகப் படகு ஏற வந்திருந்தார்கள். முந்திரி மூட்டை தூக்குகிற மனுஷர், லைஃப் ஜாக்கெட்டை மாட்டியதும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றார்.

ரத்தினம்மாள் ஆற்றின் அகலத்தைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போய்விட்டார். நான் ஜாக்கெட்டின் பட்டையை இழுத்து மாட்டும்போது என் கையைப் பிடித்தவர் பிறகு விடவே இல்லை.

"நீயும் வாம்மா. தண்ணி தெரிஞ்ச பொம்பள ஒருத்தி பக்கத்துல இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் நங்கூரக் கயிற்றைப் பார்த்தார். எஞ்சின் பக்கத்திலிருந்து அண்ணன்தான் பதில் சொன்னான்.

"அது வாணாம்மா. எங்க வூட்டுப் பொம்பள ஏறுனா பாடு போயிடும்."

கொளஞ்சி அவனை ஆச்சரியமாகப் பார்த்தார். அவர் ஊரில் பாடு என்றால் கஷ்டம், படுகிற துன்பம். எங்கள் பாடு அவருக்கு எப்படித் தெரியும்?

"பாடு போனா நல்லதுதானப்பா? பாடு போவணும்னுதான் நாங்க கொளஞ்சியப்பர் கோயில்ல போயி சீட்டுல எழுதிப் பிராது கட்டுறோம். இங்க ஒரு பொண்ணு படகுல கால வெச்சாலே போயிடும்னு சொல்ற, அப்பறம் ஏத்தாம நிக்கிறியே."

ரத்தினம்மாள் என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "எங்க பாடு கொஞ்சநஞ்சம் இல்ல தாயி. வா, வந்து குந்து."

அண்ணன் வாயைத் திறந்தான், மூடினான். விளக்கம் சொல்ல வேண்டுமானால், இவள் ஏறினால் உங்களுக்கு மீன் கிடைக்காது என்று மீன் பிடிக்க வந்தவர்களிடமே சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் இவள் ஏறாத நாளிலெல்லாம் எவ்வளவு கிடைத்தது என்று அந்த பாங்க்காரப் பையன் கேட்பான். கிடைத்ததைச் சொன்னால் வெட்கக்கேடு. எனக்கு இரண்டு அர்த்தமும் தெரியும்தான். ஆனால் வலிய வருகிற சீதேவியை யாராவது அகராதி காட்டி விரட்டுவார்களா? நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டு, "ஏறு" என்றார்.

ஏறினேன். படகு ஆடியதில் ரத்தினம்மாள் என்மேல் சாய்ந்தார், நான் அவர்மேல் சாய்ந்தேன், இரண்டு பேரும் பலகையில் பொத்தென்று உட்கார்ந்தோம். கரை தள்ளிப் போனது. நான் தினமும் நிற்கிற இடம் எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒருபக்கம் சுரபுன்னைக் காடு, எதிரே மணல்திட்டு, அதற்கப்பால் வெள்ளைக் கோடாக அலை. சந்தோஷம் தாங்கவில்லை எனக்கு. ரத்தினம்மாளுக்குத் தைரியம் சொல்ல ஏறியவள் நான், அவர்தான் என்னைப் பார்த்து, "மொத தடவையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறைக்கத் தோன்றவில்லை.

முகத்துவாரத்துக்கு உள்ளே, ஆழம் மாறுகிற இடத்தில் நங்கூரம் போட்டார்கள். இவர் நான்கு பேருக்கும் தூண்டிலில் இறால் குத்திக் கொடுத்து, தூண்டிலின் நைலான் நரம்பை விரலில் எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். அரை மணி நேரம் போனது. ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரமும் ஆனது. சத்யப்பிரியாவின் தூண்டிலில் ஒரு நண்டு வந்து தொற்றி, மேலே வந்ததும் விழுந்துவிட்டது. அன்புமணி மணி பார்த்தான்.

அண்ணன் என்னைப் பார்த்தான். அவ்வளவுதான், அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்கு வெறுங்கையோடு திரும்பினால் அது காற்றின் குற்றமோ தண்ணீரின் குற்றமோ ஆகாது, என் குற்றம். ஊர் முழுக்கப் பேச்சாகும். இனி நான் கிழவியாகிற வரைக்கும் இந்தப் பலகையில் உட்கார முடியாது.

"சோழகம் சரியா அடிக்கல" என்றார் இவர், தெற்குக் காற்றைச் சொல்லி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இரண்டு வருஷமாக இவருக்குத் தினமும் ஏதாவது ஒன்று கோணல். குடும்பங்கள் நாலு கிழங்கானும் ஒரு கெளுத்தியுமாகத்தான் திரும்புகின்றன. குழம்புக்குப் போதாமல் நான் சந்தையில் வாங்கிச் சேர்த்த நாளும் உண்டு.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். சொல்லி அதுவும் பலிக்காவிட்டால் ஏறியதும் குற்றம், பேசியதும் குற்றம். ஆனால் சும்மா இருந்தாலும் அதேதான்.

"அந்த இறால எடுத்துடு மாமா" என்றேன். "மடவ மீன் குஞ்சு குத்து."

இவருக்கு முன்னால் அண்ணன் திரும்பினான். "உனக்கு வலையப் பத்தி என்னா தெரியும்?"

"வலை தெரியாது. வயிறு தெரியும். சித்திரை வந்தா எந்தக் கொடுவா மீனக் கிழிச்சாலும் உள்ள மடவக் குஞ்சுதான் இருக்குது. ஒண்ணுலகூட இறால் இல்ல."

நான் பரங்கிப்பேட்டைத் தெருக்களில் மீன் விற்கிறவள். வெறுமனே விற்பதில்லை, வாசலில் உட்கார்ந்து ஆய்ந்தும் கொடுப்பேன். துபாயில் இருக்கும் மாப்பிள்ளை வீடியோ காலில் செவுளைக் காட்டச் சொல்லி, அங்கிருந்தே மீன் தேர்ந்தெடுக்கிற ஊர் அது. ஒரு நாளைக்கு இருபது முப்பது மீன் என் கத்தியில் வயிறு திறக்கும். எந்த மாசத்தில் எந்த மீன் எதைத் தின்றது என்பது என் கண் முன்னால் கிடக்கும். இவரும் அண்ணனும் வலைக்காரர்கள். வலைக்காரனுக்கு மீன் என்ன தின்னும் என்று தெரியவேண்டிய அவசியமே இல்லை. வலை யாரையும் பசிக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பிடிப்பதில்லை.

இவர் எழுந்து வீச்சுவலையை எடுத்தார். சேற்றுக் கரையோரம் படகைக் கொண்டுபோகச் சொல்லி ஒரு வீச்சு வீசினார். வலை வட்டமாக விரிந்து விழுந்ததைப் பார்த்து சத்யப்பிரியா கை தட்டினாள். விரல் நீளத்துக்கு இருபது முப்பது மடவைக் குஞ்சுகள் வந்தன. வாளியில் தண்ணீர் பிடித்து விட்டோம். பழைய இடத்துக்கே வந்து, உயிரோடு முதுகில் குத்தி இறக்கினார்கள்.

நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றுப் பத்து வரை எண்ணியிருப்பேன். ரத்தினம்மாளின் விரலிலிருந்து நரம்பு விர்ரென்று ஓடியது. அவர் அலறவில்லை. "எம்மா, புடி, புடி" என்று நரம்பை அப்படியே என் கையில் திணித்துவிட்டார்.

பிடித்தேன். அடியில் ஒரு உயிர் என்னை இழுத்தது. இத்தனை வருஷம் செத்த மீனைத்தான் தூக்கியிருக்கிறேன், அது ஒரு நாளும் என்னை எதிர்த்ததில்லை. இது கன்றுக்குட்டி கயிற்றை இழுப்பதுபோல் இழுத்தது. விட்டுப் பிடி, விட்டுப் பிடி என்றார் இவர். ரத்தினம்மாள் என் இடுப்பை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார், நான் தண்ணீரில் விழாமல் இருக்கவா, அவர் விழாமல் இருக்கவா தெரியாது. படகோரத்தில் அது ஒருமுறை மேலே துள்ளி விழுந்தது. கொடுவா. நாலு கிலோவுக்குக் குறையாது. இவர் கைவலையால் அள்ளிப் போட்டார். பலகையில் அது அடித்துக்கொண்டு கிடந்தது, வெயிலில் வெள்ளிப் பாத்திரம்போல் மின்னிக்கொண்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு துன்பமும் இல்லை, சும்மா வந்தது.

அதற்குப் பிறகு கொளஞ்சிக்கு ஒன்று, அன்புமணிக்கு ஒன்று. சத்யப்பிரியாவுக்குக் கடித்தது அறுத்துக்கொண்டு போய்விட்டது, அதற்கும் அவள் சிரித்தாள். கொளஞ்சி தன் மீனை மடியில் வைத்துக்கொண்டு மனைவியிடம், "அந்தத் தம்பி சொன்னது நெசந்தான். பாடெல்லாம் போயிடுச்சி பாரு" என்றார். அண்ணன் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இவர் மறுபடியும் துண்டைத் தேடினார்.

திரும்பும்போது நான் மூன்று மீனுக்கும் ஐஸ் போட்டுக்கொண்டிருந்தேன். இவர் வந்து எதிரே குந்தினார். எஞ்சின் சத்தத்தில் குரல் கேட்க வேண்டுமென்று நெருங்கி உட்கார்ந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை.

"இது எத்தினி நாளா தெரியும் உனக்கு?"

"ரெண்டு வருஷமா."

"நான் வெறுங்கையா வந்து நிக்கிறப்பல்லாம் பாத்துகினுதான இருந்த. ஏன் சொல்லல?"

"நீ காத்தப் பாத்த, தண்ணியப் பாத்த. என்னக் கேக்கலியே மாமா."

சண்டைக்காகச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னேன். இவர் ஐஸ் பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சுரபுன்னைக் காடு முழுவதும் பின்னால் போய், கரையில் கட்டியிருந்த படகுகள் தெரிய ஆரம்பித்தன. பிறகு இவர் தலையைத் தூக்கினார்.

"சரி. கிழங்கான் எதத் தின்னுது?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். எஞ்சின் சத்தம் திடீரென்று பாதியாகக் குறைந்தது. திரும்பிப் பார்த்தேன். தன் காதிலும் விழ வேண்டுமென்று அண்ணன்தான் குறைத்திருந்தான்.