சுண்டெலியின் பதினான்கு சொற்கள்

பல் டாக்டரின் அறைக்கும் பேச்சுப் பயிற்சி அறைக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தான். அந்தப் பக்கம் மிஷின் கிர்ரென்று கிளம்பினால் இந்தப் பக்கம் பிள்ளைகள் உதட்டைப் பிதுக்கும். பயிற்சி தருகிறவளை எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். "நான் டீச்சர் இல்லீங்க" என்று பதினோரு வருஷம் சொல்லிப் பார்த்து, அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

சுண்டெலியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவள் அப்பா, பஸ் டிரைவர். மகளுக்கு அப்போது இரண்டேகால் வயது. ஒன்பது வார்த்தைதான் வந்திருந்தது. சத்தம் காட்டாமல் ஓடி அலமாரிக்கு அடியில் பதுங்கிக்கொள்வாள் என்பதால் அந்தப் பட்டப்பெயர். அம்மாவுக்குக் காலை வேலை. அதனால் வியாழக்கிழமைதோறும் டிரைவர்தான் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வருவார்.

"இது என்ன, அது என்னன்னு கேட்டுட்டே இருக்காதீங்க சார்" என்றாள் டீச்சர், முதல் நாளே. "பிள்ளைக்குப் பரீட்சை எழுதற மாதிரி ஆயிடும். நீங்க செய்யறதை நீங்களே சொல்லிட்டுச் செய்யுங்க. அவளுக்குப் பிடிச்ச சாமானை ஒரு டப்பாவில போட்டு மூடியை இறுக்கி வைங்க. உங்ககிட்ட வந்தே தீரணும். வந்ததும் திறந்துடாதீங்க. மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க. அதுக்குள்ள ஏதாவது சொல்லப் பார்ப்பா."

"அஞ்சுதானே? சிக்னல்ல தொண்ணூறு எண்றவன் டீச்சர் நான்."

வாய்ப்பேச்சோடு நிற்கிற ஆள் இல்லை அவர். சட்டை மாட்டும்போது சட்டையைப் பற்றியும், தட்டு கழுவும்போது தட்டைப் பற்றியும் பேசினார். பஸ்ஸிலும் வாய் ஓயாமல் 'இப்ப திரும்பறோம், இப்ப நிக்கறோம்' என்று சொன்னதில் கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தாராம். புது வார்த்தைகளை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். ஒன்றரை மாதத்தில் ஒன்பது பதினான்கானது. பதினான்காவது வார்த்தை 'போதும்'. அதை டீச்சரிடம் சொல்லும்போது டிரைவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த வியாழன் அவர் கொஞ்சம் யோசனையாக வந்தார். "பந்துன்னு இப்பல்லாம் சொல்ல மாட்டேங்கறா. விளையாட்டுக்குப் பண்றாளோ?"

"சில வாரம் அப்படி இருக்கும் சார்" என்றாள் டீச்சர்.

அதற்கடுத்த வாரம் 'தண்ணி' போயிற்று. பிறகு 'பஸ்', 'மாமா'. டிரைவர் தாளிலிருந்து எதையும் அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்தார். வீட்டில் ஐந்துக்குப் பதில் பத்து எண்ணினார், பதினைந்து எண்ணினார். மூடிய டப்பா முன்னால் சுண்டெலி நின்றாள். அதைக் கையால் எடுக்கக்கூட அவள் முயலவில்லை. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே சேர்த்து, துணி பிழிகிற மாதிரி பிசைந்துகொண்டே இருந்தாள்.

அந்தக் கைகளை டீச்சர் இரண்டு வாரம் முன்பே பார்த்திருந்தாள். பழக்கமாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நோட்டில் எழுதாமல் விட்டாள். படிக்கிற காலத்தில் ஒரு பழைய வீடியோவில் இதே மாதிரி பிசைகிற கைகளைக் காட்டி, "இதை மறக்காதீங்க" என்று சொன்னார்கள். அவள் மறந்திருக்கவில்லை. அதுதான் அவளை உறுத்தியது.

"நரம்பு டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாம் சார். ரத்தம் எடுப்பாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

"பேச்சுக்கு எதுக்கு ரத்தம்?"

அவள் சுற்றி வளைத்து ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார்.

ஆறு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனைக் காகிதத்தோடு வந்தார். பிறவியிலேயே இருந்த ஒரு கோளாறு. கையால் செய்கிற வேலையையும் பேச்சையும் பிடுங்கிக்கொள்ளும், போன பேச்சு பெரும்பாலும் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிரைவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மடியில் சுண்டெலி கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"நான் எதுல தப்பு பண்ணேன் டீச்சர்? எண்றதை அதிகமாக்கிட்டேனா?"

"நீங்க எதுவும் தப்பு பண்ணல."

"அப்ப நீங்க சொல்லிக்கொடுத்தது?"

சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடி நின்றது. "நான் என்ன சொல்லிக்கொடுத்திருந்தாலும் இது வந்திருக்கும் சார். அந்தக் கையை மட்டும் நான் இன்னும் முன்னாடி சொல்லியிருக்கணும். சொல்லல."

"சொல்லியிருந்தா?"

"எதுவும் மாறியிருக்காது."

ஆறுதலாகச் சொல்ல நினைத்த வார்த்தை, வெளியே வந்தபோது அப்படி இல்லை. டிரைவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கண்ணால் பேசப் பழக்கலாம், படங்களை வைத்துச் செய்யலாம் என்று டீச்சர் தொடங்கியபோது அவர் எழுந்துவிட்டார். "படமெல்லாம் பேச்சு வராத பிள்ளைங்களுக்கு. இவ பேசின பிள்ளை."

மூன்று வியாழன் அவர் வரவில்லை. டீச்சர் போன் செய்தாள். சுண்டெலியின் அம்மா எடுத்தாள். "சமையலறையில நின்னு அந்தத் தாளைப் பாத்துட்டே இருக்காரு. நான் என்ன செய்யறது, நீங்களே சொல்லுங்க" என்றாள். சுண்டெலியின் வியாழக்கிழமை நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாக மட்டும் டீச்சர் சொன்னாள்.

நான்காவது வியாழன் வந்தார். தாடி மழிக்கவில்லை. "'ப்பா'ங்கறது மட்டும் இருந்துச்சு. திங்கட்கிழமையிலிருந்து அதுவும் இல்ல" என்றார், உட்காரும்போதே. பிறகு, "அந்தப் படத்தை எடுங்க."

டீச்சர் இரண்டு அட்டைகளைக் குழந்தையின் கண்ணுக்கு நேரே இடைவெளி விட்டுப் பிடித்தாள். ஒன்றில் பந்து, மற்றதில் சோப்புக் குமிழி. பிசைகிற கைகளில் ஒன்றை டிரைவர் மெல்லப் பற்றிக்கொண்டார். சுண்டெலியின் பார்வை கூரைக்குப் போனது, அப்பாவின் பித்தானுக்கு வந்தது, குமிழிப் படத்தில் ஒரு கணம் நின்று விலகியது.

"பாத்தாளா?"

பெற்றவர்களுக்கு நம்பிக்கையாக ஒரு வார்த்தை சொல்லியே பழகியவள் டீச்சர். "தெரியல சார். பாத்த மாதிரியும் இருந்துச்சு. சும்மா கண்ணு போனதாவும் இருக்கலாம்" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. "இடம் மாத்திப் பிடிங்க."

மாற்றிப் பிடித்தாள். சுண்டெலி ஜன்னலைப் பார்த்தாள். மறுபடியும் பிடித்தாள். இந்தத் தடவை எதையும் பார்க்கவில்லை. ஆறாவது தடவை கண்ணை மூடி அப்பாவின் நெஞ்சில் சாய்ந்துவிட்டாள். அடுத்த பிள்ளையின் அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, மன்னிப்புக் கேட்பது போல மூடினாள்.

டிரைவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டார். தூக்கத்திலாவது கைகள் ஓய்ந்திருந்தன. இரண்டு அட்டைகளையும் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"வீட்ல வேற என்ன படம் ஒட்டணும்?"

"அவளுக்கு எது பிடிக்குமோ அதை."

"இப்ப அவளுக்கு எது பிடிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும் டீச்சர்?"

அட்டைகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, படியில் கால் இடறாமல் பக்கவாட்டாக இறங்கிப் போனார்.